ரத்தத்துல லைம் பாஸிட்டிவ்னு வந்துருச்சு, அப்புறம் எதுக்கு முதுகுல ஊசி? (தம்பிக்கு முகம் கோணிப் போச்சு)

பாலிக்புலாவ்_அக்கா
ஆகஸ்ட் 12, இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதறது இதுதான் முதல் தடவ, நீளமா போனா கோவிச்சிக்காதீங்க. நான் பினாங்கு, பாலிக் புலாவ். என் தம்பிக்கு 24 வயசு, ஜெர்மனியில ஃப்ரைபர்க்ல மாஸ்டர்ஸ் படிக்கிறான். ஜூன் மாசம் கூட்டாளிங்களோட பிளாக் ஃபாரஸ்ட் காட்டுல மூணு நாள் நடந்திருக்கான். உண்ணி கடிச்சத அவன் பாக்கல, ஆனா திரும்பி வந்து ரெண்டு வாரத்துல முழங்காலுக்குப் பின்னாடி ஒரு செவப்பு வட்டம் இருந்துச்சாம், அரிக்கல வலிக்கல, ஏதோ அலர்ஜின்னு விட்டுட்டான்.

ஜூலை நடுவுல இருந்து ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல வலி. பகல்ல பரவால்ல, ராத்திரியானா நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுன்னு சொல்றான், படுக்க முடியாம எந்திரிச்சு ரூம்குள்ள நடப்பானாம். ஆகஸ்ட் 2 லீவுக்கு வீட்டுக்கு வந்தான், அம்மா எண்ணெய் தேச்சு விட்டாங்க, ஒன்னும் கேக்கல. 8ஆம் தேதி காலையில பல்லு விளக்கறப்ப தண்ணி வாயோரமா வழியுது, பாத்தா இடது பக்கம் முகமே தொங்கிப் போச்சு, கண்ணு மூட முடியல. அம்மா பக்கவாதம்னு அலறிட்டாங்க.

அன்னிக்கே பிரைவேட் ஹாஸ்பிட்டல் போனோம். பெல்ஸ் பால்சி, அதாவது முக நரம்பு செயலிழந்து போறதுன்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க. ஜெர்மனி, காடுன்னு இவன் சொன்னதால, உண்ணி கடியால வர்ற லைம் நோய்க்கான ரத்த டெஸ்டும் அனுப்பினாங்க. இன்னைக்கு ரிசல்ட் வந்துச்சு, ஐ.ஜி.ஜி பாஸிட்டிவ், ஐ.ஜி.எம் பார்டர்லைன். ஒரு டாக்டர் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிடலாம்ங்கறார். நரம்பு ஸ்பெஷலிஸ்ட் மட்டும் முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுத்துப் பாத்தே ஆகணும்ங்கறாங்க. அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க, முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்னு எஸ்டேட் காலத்துல இருந்து கேட்டு வளந்தவங்க. எனக்கும் கொழப்பமா இருக்கு, ரத்தத்துலயே பாஸிட்டிவ்னா அதுக்கு மேல என்ன தெரியணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஃபெரிங்கி_காத்து
ஆகஸ்ட் 13, காலை 12.15

அக்கா, தைரியமா இருங்க. எனக்கும் மூணு வருஷம் முன்ன முகம் இப்படி ஆச்சு, சரியாயிடுச்சு. முக்கியமா கண்ண பாத்துக்குங்க, பகல்ல கண்ணு சொட்டு மருந்து விட்டுக்கிட்டே இருக்கணும், ராத்திரி ஜெல் போட்டு டேப் ஒட்டி மூடித் தூங்கச் சொல்லுங்க. காஞ்சு போனா கருவிழியில புண்ணு வந்துரும், அதான் முகத்த விட பெரிய பிரச்சினை.

செந்தூல்_லேப்காரன்
ஆகஸ்ட் 13, காலை 6.50

தங்கச்சி, நான் 19 வருஷமா லேப்ல வேல பாக்கறவன், டாக்டர் இல்ல. அதனால வைத்தியம் சொல்ல மாட்டேன், டெஸ்ட் என்ன சொல்லும் என்ன சொல்லாதுங்கறத மட்டும் சொல்றேன்.

ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.எம்ங்கறது ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு தயாரிக்கற புரதம். அது ரத்தத்துல பாஸிட்டிவ்னா, லைம் நோய உண்டாக்கற பொரேலியா கிருமிய அவர் உடம்பு எப்பவோ சந்திச்சிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான். இப்ப இந்த முகம் தொங்கறதுக்கும் அந்த ராத்திரி வலிக்கும் அதுதான் காரணம்னு அந்தப் பேப்பர் சொல்லல. டெங்கி டெஸ்ட் நம்மாளுங்க எல்லாருக்கும் தெரியும்ல? என்.எஸ்.1, ஐ.ஜி.எம், ஐ.ஜி.ஜின்னு மூணு கோடு. ஐ.ஜி.ஜி மட்டும் வந்தா இப்ப டெங்கியா, பத்து வருஷத்துக்கு முன்ன வந்து போன டெங்கியான்னு தனியா அத வெச்சு சொல்ல முடியாது. லைம் ஐ.ஜி.ஜியும் அதே மாதிரிதான், நோய் போயும் வருஷக்கணக்கா ரத்தத்துல கிடக்கும். தெற்கு ஜெர்மனியில காடு சுத்தறவங்கள்ல ஒரு நோவும் இல்லாம நல்லா நடமாடறவங்களுக்கே பாஸிட்டிவ் வரும். உங்க தம்பி அங்க எத்தன வருஷம் இருந்தார்? போன வருஷம் ஒரு உண்ணி கடிச்சு தானா அடங்கியிருந்தா கூட இதே ரிசல்ட் வந்திருக்கலாம்.

அதே சமயம் நீங்க சொல்ற கதை சாதாரண பெல்ஸ் பால்சி கதை மாதிரி எனக்குத் தெரியல. காடு, செவப்பு வட்டம், அப்புறம் ராத்திரி எரியற முதுகு வலி, அதுக்கப்புறம் முகம். இந்த வரிசைக்கே ஐரோப்பாவுல ஒரு பேர் இருக்கு, பான்வார்த் சிண்ட்ரோம். பிரான்ஸ்ல 1922லயே காரின், பூஜாடூன்னு ரெண்டு டாக்டருங்க இந்த மாதிரி ஒரு கேஸ் எழுதி வெச்சிருக்காங்க, 1941ல பான்வார்த்ங்கற ஜெர்மன் டாக்டர் விவரமா எழுதினார். அப்ப கிருமி எதுன்னே தெரியாது, 1980கள் தொடக்கத்துல வில்லி பர்க்டார்ஃபர் உண்ணி வயித்துக்குள்ள பாத்த பிறகுதான் தெரிஞ்சது. அமெரிக்காவுல மூட்டு வீக்கம் அதிகம், ஐரோப்பாவுல பொரேலியா கரினின்னு ஒரு வகை இருக்கு, அது நரம்பத்தான் தேடிப் போகும். உண்ணி கடிச்சத பாக்கலன்னு கவலப்படாதீங்க, குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், நிறைய பேருக்கு கடிச்சதே தெரியாது.

இப்ப முதுகுத் தண்ணி எதுக்குன்னு சாயந்திரம் வந்து எழுதறேன், வேலைக்கு கெளம்பறேன்.

இரவு_ஷிஃப்ட்
ஆகஸ்ட் 13, காலை 8.05

நியூரோ வார்டுல நர்ஸா இருக்கேன், கேஎல் (கோலாலம்பூர்). அம்மாகிட்ட இத சொல்லுங்க அக்கா. முதுகுத் தண்டு இடுப்புக்கு மேலேயே, இடுப்புப் பக்க முதுகெலும்புல முதல் ரெண்டு எலும்பு கிட்டேயே முடிஞ்சிடும். ஊசி அதுக்கும் கீழ, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இல்ல நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல போடுவாங்க. அங்க தண்டு கெடையாது, தண்ணியில மெதக்கற நரம்பு நூலுங்கதான், ஊசி வந்தா விலகிக்கும். அப்புறம் ரெண்டு மூணு நாள் தலவலி வரலாம், எந்திரிச்சா வலிக்கும் படுத்தா குறையும், அதுதான் பொதுவா பாக்கற தொந்தரவு. நான் கூட நின்னு நூத்துக்கணக்குல பாத்துட்டேன், கால் விளங்காம போனவங்கள ஒருத்தரையும் பாக்கல. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க மட்டும் முன்னாடியே சொல்லணும்.

கெப்போங்_மருமகள்
ஆகஸ்ட் 13, மதியம் 1.30

இந்த இழைக்குள்ள நானும் ஒன்னு கேக்கலாமா? எங்க மாமியாருக்கு 61 வயசு. ஒரு வருஷமா ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி, சோர்வு, ஞாபக மறதி. ஒரு வெல்னஸ் சென்டர்ல 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பேக்கேஜ் எடுத்தாங்க, அதுல லைம் ஐ.ஜி.எம் பாஸிட்டிவ், ஐ.ஜி.ஜி நெகட்டிவ். மூளை நரம்புல லைம் ஒளிஞ்சிருக்கு, ஆறு மாசம் ஆன்டிபயாட்டிக், வாரா வாரம் டிரிப் போடணும்ங்கறாங்க. அவங்க வாழ்க்கையில போன வெளிநாடு தமிழ்நாடு மட்டும்தான், அதுவும் கோயில் கோயிலா போயிட்டு வந்தாங்க. வீட்ல ரெண்டு நாளா இதே சண்டதான், மாமா இருக்கற காச போட்டாவது பாக்கலாம்ங்கறார்.

செந்தூல்_லேப்காரன்
ஆகஸ்ட் 13, இரவு 9.10

ரெண்டு பேருக்கும் சேத்து எழுதறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

மொதல்ல முதுகுத் தண்ணி. மூளையையும் தண்டுவடத்தையும் சுத்தி இருக்கற தண்ணி அது, ரத்தத்துக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு, ஆனா தடுப்பு முழுசா அடைச்சது இல்ல, ரத்தத்துல இருக்கற ஆன்டிபாடி கொஞ்சம் கொஞ்சமா உள்ள கசியும். அதனால தண்ணியில லைம் ஆன்டிபாடி இருக்குன்னு மட்டும் பாத்தா பத்தாது. பினாங்கு மழையில வீட்டுக்குள்ள தரை ஈரமா இருக்குன்னு வெச்சிக்குங்க, கூரை ஒழுகி வந்த தண்ணியா, உள்ள பைப் உடைஞ்சு வந்த தண்ணியான்னு தெரியாம எத ரிப்பேர் பண்ணுவீங்க? அத பிரிச்சு சொல்றதுக்குத்தான் ஆன்டிபாடி இன்டெக்ஸ்.

கணக்கு இதுதான். லைம் ஆன்டிபாடி தண்ணியில எவ்வளவு, ரத்தத்துல எவ்வளவுன்னு ஒரு விகிதம். எல்லா ஐ.ஜி.ஜியும் சேத்து தண்ணியில எவ்வளவு, ரத்தத்துல எவ்வளவுன்னு இன்னொரு விகிதம். முதல் விகிதத்த ரெண்டாவதால வகுக்கணும். உதாரணத்துக்கு மொத்த ஐ.ஜி.ஜி தண்ணியில லிட்டருக்கு 60 மில்லிகிராம், ரத்தத்துல 10,000, விகிதம் 0.006. லைம் ஆன்டிபாடி தண்ணியில 3 யூனிட், ரத்தத்துல 500 யூனிட்னா அதுவும் 0.006, வகுத்தா 1. அப்படின்னா எல்லாம் கூரை ஒழுகல்தான், ரத்தத்துல இருந்து கசிஞ்சது. அதே தண்ணியில 30 யூனிட் இருந்தா 0.06, வகுத்தா 10. அவ்வளவு ஆன்டிபாடி கசிஞ்சு வந்திருக்க முடியாது, நரம்பு மண்டலத்துக்குள்ளேயே யாரோ உக்காந்து தயாரிக்கறாங்க. பல லேப்ல 1.5க்கு மேல போனா பாஸிட்டிவ்னு வெச்சிருக்காங்க, சில டெஸ்ட் கிட்டுக்கு வேற எல்லை, அதனால ரிப்போர்ட்ல அவங்க போட்ட எல்லையத்தான் பாக்கணும். ஆல்புமின்ங்கற புரதத்தையும் கூட கேப்பாங்க, தடுப்பு எவ்வளவு ஓட்டையா இருக்குன்னு அது காட்டும்.

தங்கச்சி, இத மறக்காதீங்க. தண்ணி எடுக்கற அதே நாள் ரத்தமும் எடுத்து ரெண்டையும் ஒன்னா அனுப்பணும். ஜோடியா போகலன்னா இன்டெக்ஸ் போட முடியாது. 2020ல அமெரிக்காவுல தொற்று நோய், நரம்பியல், மூட்டுவியல்னு மூணு சங்கமும் சேந்து போட்ட வழிகாட்டியிலயே இருக்கு, முதுகுத் தண்ணி பாக்கறதா இருந்தா ரத்தத்தோட ஜோடி சேத்து இன்டெக்ஸ் பாருங்க, தனியா தண்ணியில மட்டும் ஆன்டிபாடி பாக்காதீங்கன்னு. ரத்த ஆன்டிபாடியில இருந்துதான் தொடங்கணும்னும் அதே வழிகாட்டி சொல்லுது, அதனால உங்க முதல் டாக்டர் தப்பு பண்ணல. ஐரோப்பாவுல நரம்பியல் சங்கம் 2010ல போட்ட வழிகாட்டி இன்னும் கறாரா இருக்கும். நரம்பு அறிகுறி, தண்ணியில வெள்ளணு கூடி இருக்கறது, உள்ளேயே ஆன்டிபாடி தயாராகறது, இந்த மூணும் இருந்தாத்தான் உறுதி, ரெண்டு இருந்தா இருக்கலாம்னு எழுதுவாங்க.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல முதுகுத் தண்ணி லைமுக்காக மட்டும் எடுக்கறது இல்ல. தண்ணியில லிம்போசைட்ங்கற வெள்ளணு கூடினா இங்க மொதல்ல டி.பி. மூளைக்காய்ச்சலா, சிஃபிலிஸா, எச்.ஐ.வியா, கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையான்னுதான் டாக்டர் யோசிப்பார், யோசிக்கவும் வேணும். டி.பி.ன்னா தண்ணியில சர்க்கரை பொதுவா குறையும், லைம்னா பெரும்பாலும் நார்மலா இருக்கும். ரத்த பாஸிட்டிவ்வ மட்டும் நம்பி மாத்திரை குடுத்து அனுப்பிட்டா உள்ள டி.பி. இருந்தா யாருக்கும் தெரியாமலே போயிடும்.

கெப்போங் தங்கச்சி, உங்க மாமியார் கதை நேர் எதிர். ஐ.ஜி.எம் முதல் சில வாரத்துக்கான ஆன்டிபாடி. ஒரு வருஷமா அறிகுறி இருக்கறவங்களுக்கு உண்மையிலேயே பொரேலியா இருந்தா இந்நேரம் ஐ.ஜி.ஜி நல்லா ஏறியிருக்கணும். ஐ.ஜி.எம் மட்டும் தனியா ஒரு வருஷம் நிக்கறது பெரும்பாலும் பொய் பாஸிட்டிவ். அமெரிக்காவுல 1995ல இருந்து ரெண்டு படி டெஸ்ட்தான் விதி, முதல் படியில எலைசாங்கற ஆன்டிபாடி டெஸ்ட், அது பாஸிட்டிவ் ஆனா பொதுவா வெஸ்டர்ன் பிளாட், அதுல கிருமியோட ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு கோடு, ஐ.ஜி.எம்முக்கு 3 கோட்டுல 2, ஐ.ஜி.ஜிக்கு 10 கோட்டுல 5 வரணும், அதுலயும் முதல் 30 நாள் தாண்டினா ஐ.ஜி.எம் பிளாட்ட கணக்குலயே எடுக்காதேன்னு இருக்கு. அவங்க ரெண்டாவது படி பண்ணாங்களான்னு கேளுங்க.

ஐ.ஜி.எம்ம ஏமாத்தறதுக்கு நிறைய இருக்கு, எப்ஸ்டீன்-பார் வைரஸ், ருமாட்டாய்டு ஃபேக்டர், சிஃபிலிஸ், நம்ம ஊரு எலிமூத்திரக் காய்ச்சல் லெப்டோஸ்பைரா கூட. லெப்டோவும் பொரேலியாவும் ரெண்டுமே சுருள் கிருமி வகை, மலேசியாவுல லெப்டோ எவ்வளவு சாதாரணம்னு உங்களுக்கே தெரியும்.

இதையும் யோசிங்க. ஒரு டெஸ்ட் 100 பேருக்கு 2 பேர தப்பா பாஸிட்டிவ்னு காட்டுதுன்னு வெச்சிக்குவோம், அது நல்ல டெஸ்ட்தான். லைமே இல்லாத 1,000 பேர டெஸ்ட் பண்ணா 20 பேருக்கு பாஸிட்டிவ் வரும், அந்த 20ம் பொய். பிளாக் ஃபாரஸ்ட்ல நடந்து வட்டம் போட்டு முகம் தொங்கினவருக்கு வந்த பாஸிட்டிவ்வும், தமிழ்நாட்டுக் கோயில்கள தாண்டி எங்கயும் போகாதவங்களுக்கு பேக்கேஜ்ல வந்த பாஸிட்டிவ்வும் பேப்பர்ல ஒரே எழுத்துதான், ஆனா ஒன்னு இல்ல.

மாமியாருக்கு சக்கர இருக்கா? என்ன மாத்திரை சாப்பிடறாங்க?

கெப்போங்_மருமகள்
ஆகஸ்ட் 13, இரவு 10.02

இருக்குண்ணே, 12 வருஷமா. மெட்ஃபோர்மின் காலையில ராத்திரியில. முட்டை கூட சாப்பிட மாட்டாங்க, சுத்த சைவம்.

இரவு_ஷிஃப்ட்
ஆகஸ்ட் 13, இரவு 10.20

அப்ப நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்க கிளினிக்) கூட்டிட்டுப் போய் வைட்டமின் பி12 பாக்கச் சொல்லுங்க. மெட்ஃபோர்மின் வருஷக்கணக்கா சாப்பிட்டா பி12 குறையும், அதுல சைவம் வேற. பாதம் மதமதப்பு, சோர்வு, மறதி எல்லாம் அதுலயே வரும். சக்கரயால வர்ற நரம்பு பாதிப்பும் பாக்கணும், பாதத்துல நூல் மாதிரி ஒன்ன வெச்சு தொட்டுப் பாப்பாங்க.

மஞ்சள்_குடை
ஆகஸ்ட் 14, காலை 7.30

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பெரியம்மா பொண்ணு இங்கிலாந்துல இருக்கா, உண்ணி கடிச்சு ரெண்டு வருஷம் படாத பாடு பட்டா. டெஸ்ட் நெகட்டிவ் நெகட்டிவ்னு சொல்லி டாக்டருங்க அவள மனநோயாளி மாதிரி பாத்தாங்க. இந்த டெஸ்ட் பாதி பேர கோட்ட விடுதுன்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. அப்படி இருக்கும்போது பாஸிட்டிவ் வந்தவங்களையும் பொய்னு சொன்னா எங்க போறது? ஒரு சில லேப் அவங்களோட சொந்த முறையில ஸ்பெஷலா பாக்கறாங்க, அத ஏன் நம்பக் கூடாது?

தோட்டத்து_பையன்
ஆகஸ்ட் 14, மதியம் 12.45

மஞ்சள் குடை, உங்க அக்கா பட்ட கஷ்டம் புரியுது. நான் மருத்துவம் படிச்சவன் இல்ல, ஆனா நெகிரி செம்பிலான், புக்கிட் பெலாண்டோக் பக்கத்து எஸ்டேட்ல வளந்தவன். 1998, 99ல பன்னிப் பண்ணையில வேல செஞ்சவங்க காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தா விழுந்தாங்க. கொசுவால வர்ற ஜே.ஈ, அதாவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு சொன்னாங்க, ஏன்னா சிலரோட ரத்தத்துல ஜே.ஈ ஆன்டிபாடி இருந்துச்சு. கொசுவுக்கு புகை அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, எங்க லயத்துல கூட வந்து அடிச்சாங்க, ஆனா சாவு நிக்கல. ஜே.ஈன்னா கொழந்தைங்களத்தான் அதிகம் பிடிக்கும், இங்க விழுந்தது பன்னிய தொட்டு வேல செஞ்ச பெரிய ஆம்பளைங்க. பொருந்தவே இல்ல. 1999 மார்ச்ல மலாயா பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருத்தரோட முதுகுத் தண்ணியில இருந்து புது வைரஸ பிரிச்சு எடுத்த பிறகுதான் அது நிப்பான்னு உலகத்துக்கே தெரிஞ்சது. மலேசியாவுல 265 பேருக்கு வந்து 105 பேர் செத்துப் போனாங்க. என்கூட படிச்சவன் அப்பாவும் அதுல ஒருத்தர்.

ரத்தத்துல ஒரு ஆன்டிபாடி இருந்துச்சு, அதுவே காரணம்னு எடுத்துக்கிட்டதால எவ்வளவு நாள் வீணாச்சுன்னு நாங்க கண்ணால பாத்தோம். அதனாலதான் லேப்காரர் அண்ணே சொல்றது எனக்கு மனசுல உக்காருது.

செந்தூல்_லேப்காரன்
ஆகஸ்ட் 14, இரவு 8.40

தோட்டத்து பையன், நீங்க எழுதினத படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

மஞ்சள் குடை, "பாதிய கோட்ட விடுது"ங்கறது பொய் இல்ல, ஆனா அது எப்பன்னு சேத்து சொல்லணும். செவப்பு வட்டம் வந்த முதல் வாரங்கள்ல ஆன்டிபாடி இன்னும் தயாராகல, அப்ப பாதிக்கும் மேல நெகட்டிவ் வரும், அதனாலதான் வட்டத்த கண்ணால பாத்தே டாக்டர் மருந்து குடுக்கணும், டெஸ்ட்டுக்கு காத்திருக்கக் கூடாது. நரம்புக்குப் போற நேரத்துல கதை மாறிடும். ஆரம்பத்துல இன்டெக்ஸும் சிலரக் கோட்ட விடும், ஆறு வாரம் தாண்டிட்டா பெரும்பாலும் எல்லாருக்கும் வந்துரும். அந்த ஆரம்ப இடைவெளிக்கு சி.எக்ஸ்.சி.எல்.13னு ஒரு புரதத்த தண்ணியில பாக்கறாங்க, அது ஆன்டிபாடிக்கு முன்னாடியே ஏறும், மருந்து குடுத்தா சட்டுனு இறங்கும். ஆனா அது மூளை சிஃபிலிஸ்லயும் மூளை லிம்போமாங்கற புத்துநோயிலயும் ஏறும், அத மட்டும் வெச்சும் முடிவு பண்ண முடியாது. கிருமியோட மரபணுவத் தேடற பி.சி.ஆர் டெஸ்ட் பத்தி யாராவது கேப்பீங்க, முதுகுத் தண்ணியில கிருமி ரொம்ப கம்மியா இருக்கறதால பி.சி.ஆர் நெகட்டிவ் வந்தா ஒன்னும் அர்த்தம் இல்ல.

சொந்த முறை லேப் விஷயத்துல என் மனசுல பட்டத சொல்லிடறேன். ஒரு டெஸ்ட்ட நோய் இருக்கறவங்க, இல்லாதவங்க ரெண்டு பக்கமும் பரிசோதிச்சு வெளியில காட்டணும். கோட்டு எண்ணிக்கைய நாங்களா குறைச்சுக்கிட்டோம்னு சொன்னா இன்னும் நிறைய பேருக்கு பாஸிட்டிவ் வரும், அவ்வளவுதான், நோய் கூடுதலா கண்டுபிடிச்ச மாதிரி ஆகாது. உங்க அக்கா வலி உண்மை. மருந்து முடிச்ச பிறகும் சிலருக்கு மாசக்கணக்கா சோர்வும் வலியும் இருக்கத்தான் செய்யுது, அத மனநோய்னு தள்ளறது அநியாயம். ஆனா நெதர்லாந்துல 2016ல வெளியான ஆராய்ச்சியில, நீண்ட நாள் அறிகுறி இருக்கற 280 பேருக்கு ரெண்டு வாரம் ஊசி மருந்து குடுத்துட்டு, அப்புறம் 12 வாரம் சிலருக்கு ஆன்டிபயாட்டிக், சிலருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரைன்னு குடுத்துப் பாத்தாங்க, வித்தியாசமே வரல. நீண்ட ஆன்டிபயாட்டிக் வயித்தையும் குடலையும் கெடுத்ததுதான் மிச்சம்னு ஆகிடக் கூடாதுல்ல.

மலேசியாவுல லைமே கெடையாதுன்னும் நான் சொல்லல. நம்ம காட்டு எலிங்க மேல, லைம பரப்பக்கூடிய இக்ஸோடெஸ் வகை உண்ணி இருக்கு, பூர்வகுடி ஒராங் அஸ்லி மக்கள் ரத்தத்துல பொரேலியா ஆன்டிபாடி பாத்து ஆராய்ச்சியும் வந்திருக்கு. ஆன்டிபாடி இருக்குங்கறதும் நோய் இருக்குங்கறதும் ஒன்னு இல்ல, நான் திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான்.

மஞ்சள்_குடை
ஆகஸ்ட் 14, இரவு 9.55

"எப்ப"ங்கறத யாரும் இப்படி பிரிச்சு சொன்னதில்ல அண்ணே. அக்காவுக்கு முதல் டெஸ்ட் எடுத்தது கடிச்சு பத்து நாள்ல. அப்புறம் ஏழு மாசம் கழிச்சுதான் திரும்ப எடுத்தாங்க. நடுவுல மருந்தே குடுக்கல. நான் அவகிட்ட பேசறேன்.

பாலிக்புலாவ்_அக்கா
ஆகஸ்ட் 17, இரவு 7.15

அண்ணே, ஒரு பிரச்சினை. அம்மாவ சமாதானப்படுத்தி 15ஆம் தேதி முதுகுத் தண்ணி எடுத்தாச்சு (இரவு ஷிஃப்ட், நீங்க எழுதினத அப்படியே அம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன், ரொம்ப நன்றி). தம்பிக்கு தலவலி ஒரு நாள்தான் இருந்துச்சு. வெள்ளணு 160ன்னு ரொம்ப கூடியிருக்கு, பெரும்பாலும் லிம்போசைட், புரோட்டீனும் அதிகம், சர்க்கரை நார்மல். டி.பி., சிஃபிலிஸ், எச்.ஐ.வி இதுவரைக்கும் நெகட்டிவ், டி.பி. கல்ச்சர் மட்டும் வாரக்கணக்குல ஆகுமாம். அன்னிக்கே ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சிட்டாங்க.

இன்னைக்கு லேப்ல இருந்து போன், வெளிநாட்டுக்கு அனுப்ப தண்ணி மட்டும்தான் வந்திருக்கு, ரத்தம் வரல, இன்டெக்ஸ் பண்ண முடியாதாம். நான் அன்னிக்கே வார்டுல மூணு தடவ கேட்டேன், ஜோடியா போகுதுல்ல ஜோடியா போகுதுல்லன்னு, ஆமா ஆமான்னாங்க. திரும்பவும் முதுகுல குத்தணுமா? அம்மா அழறாங்க.

செந்தூல்_லேப்காரன்
ஆகஸ்ட் 17, இரவு 7.32

திரும்ப குத்த வேண்டாம், பதறாதீங்க. 15ஆம் தேதி காலையில கிட்னி, லிவர் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்திருப்பாங்க, கண்டிப்பா. அது மஞ்ச மூடி டியூப்ல இருக்கும், அதுல மிச்ச சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிநீர்) லேப் ஃபிரிட்ஜ்ல சில நாள் வெச்சிருப்பாங்க, உடனே தூக்கிப் போட மாட்டாங்க. இப்பவே போன் பண்ணி, அந்த தேதி, அந்த ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், பயோகெமிஸ்ட்ரி மஞ்ச மூடி டியூப்ப தூக்கிப் போடாதீங்க, தண்ணியோட சேத்து அனுப்பணும்னு சொல்லுங்க. சாம்பல் மூடி டியூப் ஒன்னும் இருக்கும், சுகருக்கு எடுத்தது, அது வேண்டாம். நாளைக்கு டாக்டர்கிட்ட ஆட்-ஆன் ஃபார்ம் (ஏற்கனவே எடுத்த ரத்தத்துல கூடுதல் டெஸ்ட் கேக்கறது) கையெழுத்து வாங்கிக் குடுங்க. அது கிடைக்கலன்னா கூட நாளைக்கே புது ரத்தம் எடுத்தா அவ்வளவு மோசமில்ல, ஐ.ஜி.ஜி பாதியா குறையவே மூணு வாரம் ஆகும், ஆனா அதே நாள் ரத்தம்தான் சரி.

கிட் எந்த வகைன்னும் கேளுங்க, அமெரிக்க கிருமிய மட்டும் வெச்சு செஞ்சதா இருந்தா ஐரோப்பிய வகைய சரியா பிடிக்காம போகலாம். ஃபார்ம்ல ஜெர்மனின்னு பெருசா எழுதச் சொல்லுங்க.

பாலிக்புலாவ்_அக்கா
ஆகஸ்ட் 17, இரவு 8.20

இருக்காம்!! ராத்திரி டூட்டியில இருந்த பையன் போய் தேடிப் பாத்து, எடுத்து தனியா வெச்சுட்டேன் அக்கான்னு சொன்னான். அண்ணே, என்ன சொல்றதுன்னே தெரியல.

கெப்போங்_மருமகள்
ஆகஸ்ட் 22, காலை 10.10

மாமியாருக்கு பி12 ரொம்ப குறைவா இருக்கு. ஊசி ஆரம்பிச்சாச்சு. பாதத்துல தொட்டுப் பாத்தப்ப பாதி இடத்துல தெரியவே இல்ல அவங்களுக்கு, அந்த டாக்டர் மெதுவாத்தான் சரியாகும், கொஞ்சம் நிக்கவும் செய்யலாம்னு நேர்மையா சொன்னார். வெல்னஸ் சென்டர்ல ரெண்டாவது படி டெஸ்ட் பண்ணீங்களான்னு கேட்டேன், பண்ணல. ஆறு மாச மருந்துக்கு கட்ட வெச்சிருந்த காசு வீட்லயே இருக்கு.

பாலிக்புலாவ்_அக்கா
ஆகஸ்ட் 31, மாலை 5.40

ரிசல்ட் வந்துருச்சு. இன்டெக்ஸ் 6.8, அந்த லேப் எல்லை 1.5. நரம்புல லைம்னு உறுதி. டாக்ஸிசைக்ளின் மொத்தம் 21 நாள். அந்த ராத்திரி வலி மருந்து ஆரம்பிச்சு அஞ்சாவது நாளே போயிடுச்சு, ஒரு மாசத்துக்கும் மேல ஆகி முதல் தடவ அவன் விடிய விடிய தூங்கினான், அம்மா அடிக்கடி போய் மூச்சு வருதான்னு பாத்துட்டு வந்தாங்க. முகம் மெதுவாத்தான் வருது, நெத்தி லேசா சுருங்குது.

ரெண்டு கேள்வி. மருந்து முடிஞ்சதும் திரும்ப டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் ஆச்சான்னு பாக்கணுமா? அவன் அக்டோபர்ல ஃப்ரைபர்க் போகணும், அங்க திரும்பவும் கடிச்சா?

செந்தூல்_லேப்காரன்
ஆகஸ்ட் 31, இரவு 9.05

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. திரும்ப ஆன்டிபாடி எடுக்காதீங்க. ரத்தத்துலயும் சரி, இன்டெக்ஸ்லயும் சரி, குணமான பிறகும் வருஷக்கணக்கா பாஸிட்டிவ் நிக்கலாம், பாத்தா வீண் பயம்தான் மிச்சம். வலி போச்சா, முகம் வருதா, அதத்தான் டாக்டர் பாப்பார். எப்பவாவது சந்தேகம் வந்து திரும்ப முதுகுத் தண்ணி எடுத்தா வெள்ளணு இறங்கிச்சான்னு பாப்பாங்க. இந்த ரிப்போர்ட்ட மட்டும் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க, பின்னால எந்த ஊர்ல யாரு லைம் டெஸ்ட் எடுத்தாலும் பாஸிட்டிவ் வரலாம், இத காட்டினா பழசுன்னு புரிஞ்சிக்குவாங்க. ஒரு தடவ வந்தா திரும்ப வராதுன்னு இல்ல, அதனால காட்டுக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கே குளிச்சு முழங்கால் பின்னாடி, இடுக்கு, தலமுடி எல்லாம் பாக்கணும், உண்ணிய கொறடு வெச்சு தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். அந்தப் பக்கம் உண்ணியால வர்ற வைரஸ் மூளைக்காய்ச்சலும் இருக்கு, அதுக்குத் தடுப்பூசி இருக்கு, அங்க டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

மாத்திரைய தே தாரே (பால் டீ) கூட போடறானா? பால், கால்சியம், இரும்பு மாத்திரை கூட சேத்து சாப்பிட்டா மருந்து சரியா ஏறாது. வெயில்லயும் அலைய விடாதீங்க, தோல் சுட்டுரும்.

பாலிக்புலாவ்_அக்கா
ஆகஸ்ட் 31, இரவு 9.30

தே தாரே கூடத்தான் போட்டுட்டு இருந்தான் அண்ணே, இப்பவே நிறுத்தச் சொல்லிட்டேன். தண்ணிதான் இனிமே.

பாலிக்புலாவ்_அக்கா
செப்டம்பர் 19, காலை 8.00

கண்ணு முழுசா மூடுது. நேத்து ராத்திரி டேப் ஒட்டாம தூங்கினான்.